மனப்பாடம் வேண்டாத ஒரு மேடை

சிங்கப்பூரின் தமிழ்மொழி விழாவில் சிறுவர் போட்டிகளை நடத்தும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஏப்ரலிலும் உங்கள் உழைப்பைப் பார்க்கிறேன். வேலை முடிந்த களைப்போடு மண்டபம் பிடித்து, நாற்காலி போட்டு, பிள்ளைகளுக்குச் சாப்பாடும் பரிசும் ஏற்பாடு செய்கிறீர்கள். அதற்கு நன்றி சொல்லிவிட்டு ஒன்று கேட்கிறேன்.

புதுக்கோட்டைப் பக்கம் பிறந்து, அப்பாவின் வேலைக்காகச் சின்ன வயதில் இங்கு வந்தவள் நான். வளர்ந்தது உட்லண்ட்ஸில். தமிழ் வகுப்பில் எனக்கு 'இந்தியாக்காரப் பொண்ணு' என்று பெயர். வாயைத் திறந்தால் ஊர்ப்பேச்சு வந்துவிடும், சிரிப்பார்கள். அதனால் பேசுவதையே குறைத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழியின் குடும்பம் தலைமுறைகளாக இங்கே இருக்கிறது. அவள் வீட்டில் ஆங்கிலம்தான். தமிழ் வகுப்பு என்றாலே அவளுக்குப் பயம். என்னைப் போன்றவர்கள் வந்து மதிப்பெண்ணை அள்ளிக்கொண்டு போகிறோம் என்ற வருத்தம் வேறு. வெவ்வேறு காரணத்துக்காக இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

அவள் வீடு மாதிரிதான் இன்று பல வீடுகள். வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் சிங்கப்பூர் இந்தியர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 41.6 விழுக்காடு, 2020இல் 59.2 விழுக்காடு.

இனி உங்கள் மேடைக்கு வருகிறேன். ஒரு பேச்சுப் போட்டியில் தொடக்கநிலைப் பையன் ஒருவன் தமிழின் பெருமையைப் பேசினான். பெரியவர் யாரோ எழுதிக் கொடுத்த உரை. எந்த வரியில் கையை உயர்த்த வேண்டும் என்பதுகூடப் பழக்கப்பட்டிருந்தது. நடுவில் ஒரு வரி மறந்துபோனது. கீழே அம்மாவின் உதடு அசைந்தது, பார்த்துப் பிடித்துக்கொண்டான். கைதட்டல். இறங்கி வந்தவன் கூட்டாளியிடம் தன் ஹாம்ஸ்டர் கூண்டிலிருந்து தப்பித்துச் சோபாவுக்கு அடியில் ஒளிந்த கதையைச் சொன்னான். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். கண் விரிந்தது, கை தானாக ஆடியது. அந்தப் பேச்சுக்கு நம்மிடம் மேடை இல்லையே என்றுதான் எனக்கு ஆதங்கம்.

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் வாய்மொழித் தேர்விலேயே ஒளிக்காட்சியைப் பார்த்துவிட்டு உரையாடும் பகுதி இருக்கிறது. போட்டிகள் மட்டும் ஏன் இன்னும் ஒப்பித்தலில் நிற்க வேண்டும்? ஒரே ஒரு அங்கத்தை மாற்றிப் பாருங்கள். தாள் இல்லாமல், இருவர் இருவராகப் பேசட்டும். முடிந்தவரை ஒருவர் இங்கேயே வேரூன்றிய குடும்பத்துப் பிள்ளை, இன்னொருவர் புதிதாக வந்த குடும்பத்துப் பிள்ளை. வீட்டில் நடந்தது, கோப்பிக்கடையில் பார்த்தது, தாத்தாவோடு போட்ட சண்டை, எதுவானாலும் சரி. நடுவர் இடையில் கேள்வி கேட்கட்டும். ஆங்கிலச் சொல் விழுந்தால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.

தமிழ் கெட்டுவிடும் என்று உங்களில் சிலர் கவலைப்படுவீர்கள். அக்கறையால் வரும் கவலை அது, எனக்குப் புரிகிறது. ஆனால் வாயே திறக்காத பிள்ளையிடம் திருத்துவதற்கு என்ன இருக்கிறது? முதலில் பேசட்டும், அப்புறம் திருத்தலாம். ஒப்பிக்கும் போட்டிகளும் இருக்கட்டும், அதில் மிளிரும் பிள்ளைகள் உண்டு.

அடுத்த விழாவுக்குத் திட்டம் போடும்போது கூப்பிடுங்கள். நானும் அந்தத் தோழியும் சனிக்கிழமைகளில் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசத் தயார்.

அன்புடன்,
உட்லண்ட்ஸிலிருந்து ஒரு தமிழ்ப்பெண்