துவரைக்குத் தாய் தகப்பன் தேடும்போது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பயறு வகைகளில் வீரிய ஒட்டு, அதாவது இரண்டு ரகங்களைத் தாயும் தகப்பனுமாகச் சேர்த்து எடுக்கும் விதை பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். விளைச்சல் கூடும் என்பது வரை சரி. அந்த விதையை எடுத்து வைக்கலாமா, கூடாதா என்று ஒரு வரி இல்லை. அது தெரியாமல் ஒரு வருட வெள்ளாமையை இழந்தவன் நான்.

எங்களுக்குப் பென்னாகரம் பக்கம் மானாவாரி நிலம். பல வருடங்களுக்கு முன் ஒட்டுத் துவரை வாங்கி விதைத்தேன், நன்றாகக் காய்த்தது. "இதிலேயே விதை எடுத்துக்கலாம்" என்றார் கடைக்காரர். எடுத்து வைத்தேன். அடுத்த ஆடியில் விதைத்தது ஒரே காட்டில் பத்து விதமாக நின்றது. ஒரு செடி தலைக்கு மேல், பக்கத்துச் செடி இடுப்பளவு. ஒன்றில் காய் முற்றி வெடிக்கிறது, இன்னொன்று அப்போதுதான் பூ எடுக்கிறது. அரிவாளோடு போய் எதை அறுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் நின்றேன். ஒட்டின் வீரியம் முதல் தலைமுறையோடு சரி, அப்புறம் தாய் குணமும் தகப்பன் குணமும் பிரிந்துவிடும் என்று பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

உளுந்து, பச்சைப்பயறு கதை வேறு. பூ விரியும் முன்பே தன் மகரந்தத்தில் தானே சூல் கொண்டுவிடும். மொட்டைப் பிரித்து மகரந்தப் பைகளைக் கையால் எடுத்துத்தான் ஒட்டுச் சேர்க்க வேண்டும். ஒரு காய்க்கு ஐந்தாறு விதை கிடைக்கும். அதை மூட்டை கட்டி விற்க முடியுமா? அங்கே ஒட்டு என்பது நல்ல ரகம் பிரித்தெடுக்க முதல் படி. ஆகவே யாராவது "ஒட்டு உளுந்து" என்று பை நீட்டினால் நின்று விசாரியுங்கள்.

துவரைப் பூவுக்குத் தேனீ வரும், தகப்பன் செடியின் மகரந்தத்தைத் தாய்ச் செடிக்கு அதுவே கொண்டுபோகும். அதனால்தான் ஐதராபாத் பக்கம் உள்ள பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட் 1991இல் ஐசிபிஎச் 8 என்ற ஒட்டுத் துவரையைக் கொண்டுவர முடிந்தது. ஆனால் தாய்ச் செடிக்குச் சொந்த மகரந்தம் இருக்கக் கூடாது, இருந்தால் ஒட்டு சேராது. விதை எடுக்கும் வயலில் தாய் வரிசையில் பாதிச் செடிகள் மகரந்தம் உள்ளவை. பூத்ததும் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிடுங்க வேண்டும். கூலி கட்டுபடியாகவில்லை. அப்புறம் காட்டுத் துவரை இனத்தைத் தாயாக்கி, மகரந்தம் இல்லாத வரிசையையே உருவாக்கினார்கள்.

பெற்றோர் இரண்டும் நன்றாகக் காய்த்தால் பிள்ளையும் காய்க்கும் என்பதில்லை. பல ஜோடி சேர்த்துப் பார்த்துத்தான் எது எதோடு கூடும் என்று தெரியும். "பெற்றோரின் சராசரியைவிட அதிகம்" என்ற கணக்கும் எங்களுக்கு உதவாது. நாங்கள் இப்போது விதைக்கும் ரகத்தைவிட எவ்வளவு அதிகம் என்று சொல்லுங்கள்.

அதையும் ராகிக்கு நடுவே விதைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் நாட்டுத் துவரை ராகி அறுக்கும் வரை ஒடுங்கி நிற்கும், அப்புறம்தான் படரும், தை மாதம் காய் தரும். தனிப்பயிராக நீர் பாய்ச்சித் தேர்ந்த பெற்றோருக்கு இந்தக் குணம் எங்கிருந்து வரும்? பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இந்த மண்ணுக்கென்று கொள்ளு ரகங்கள் தந்திருக்கிறது. துவரையிலும் எங்கள் நாட்டு விதையை ஒரு பக்கப் பெற்றோராக வைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் சாம்பல் கலந்து பானையில் வைத்திருக்கிறோம். கேட்டால் ஒரு படி தருகிறேன்.

— ஒரு மானாவாரி விவசாயி,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்