ஷேர் ஷா ரோடு போட்டவர் மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மாணவர் பக்கத்தில் வந்த, டெல்லியை ஆண்ட மன்னர் ஷேர் ஷா பற்றிய குறிப்பைப் பேத்திக்கு வாசித்துக் காட்டினேன். 'கிராண்ட் டிரங்க் ரோட்டைப் போட்டவர்' என்று ஒரே வரியில் ஆளை முடித்துவிட்டீர்கள், மனசுக்கு ஒப்பவில்லை. அந்தப் பாதை மௌரியர் காலத்திலேயே இருந்தது. இவர் அதைச் செப்பனிட்டு, வங்காளத்து சோனார்கானிலிருந்து சிந்து நதி வரைக்கும் ஒழுங்குபடுத்தினார்.

வழிநடக்கிறவனை நினைத்துப் பார்த்தாரே, அதுதான் பெரிய காரியம். இரண்டு கோசுக்கு ஒரு சராய், அதாவது ஏறக்குறைய 6 கிலோமீட்டருக்கு ஒன்று, வழிப்போக்கர் தங்கும் நம் ஊர் வழியம்பலம் மாதிரி. அங்கே கிணறு, இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனியே தங்க இடம், சாப்பாடு, ரோட்டின் இரண்டு பக்கமும் நிழல்மரம். தபால் குதிரைகள் மாறியதும் அங்கேதான். வழியில் களவு போனால் அந்த ஊர்த் தலைவன் கள்ளனைப் பிடித்துக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் நஷ்டத்தை அவனே கட்ட வேண்டும்.

இவ்வளவும் ஐந்தே வருஷத்தில்! 1540இல் கன்னோஜில் முகலாய மன்னர் ஹுமாயூனைத் தோற்கடித்து ஆட்சியைப் பிடித்தவர், 1545 மே மாதம் கலிஞ்சர் கோட்டை முற்றுகையில் வெடிமருந்து வெடித்து இறந்துபோனார். ஆனால் ஃபரீத் என்ற இயற்பெயரோடு இளைஞனாக, அப்பாவுக்கு அரசு விட்டிருந்த சசாராம் ஜாகீர் நிலத்தைப் பார்த்துக்கொண்ட நாளிலேயே நில அளவையும் வரிக்கணக்கும் அவருக்குக் கைவந்த வேலை. குடியானவனுக்கு வரியைக் குறித்துப் பட்டா கொடுத்து, அவனிடம் கபூலியத் என்ற சம்மதச் சீட்டு வாங்கினார். பட்டா மாற்ற நாம் தாலுகா ஆபீசில் நிற்கிறோமே, அதே சொல்தான். ரூபாயும் அப்படித்தான், சுமார் பதினொன்றரை கிராம் வெள்ளியில் அவர் அடித்த நாணயத்தின் பெயர். ஒரு ரூபாய்க்கு 28 சக்கரக் காசு என்று எங்கள் தாத்தா திருவிதாங்கூர்க் கணக்குச் சொல்லுவார், அந்த ரூபாய்க்கு இவ்வளவு பழைய கதை இருப்பது எனக்கே பிந்தித்தான் தெரிந்தது.

குறையும் உண்டு. 1543இல் ராய்சீன் கோட்டையில் அதன் ராஜபுத்திரத் தலைவர் பூரன்மலுக்குப் பாதுகாப்பு வாக்குக் கொடுத்துவிட்டு, வெளியே வந்தவர்களை வளைத்துக் கொன்றது பெரிய பாவம். அதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அவரைப் பற்றி ஒரு முழுப்பக்கம் போடுங்கள். நம் மாவட்டத்தில் பழைய ரோட்டோரம் மிச்சம் நிற்கும் வழியம்பலம், சுமைதாங்கிக் கல் படங்களையும் கூடவே சேருங்கள், சராய் என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கிவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தக்கலை