புனித வின்சென்ட் தே பவுல் சபை, வேலூர் பங்குக் கிளை: 2025ஆம் ஆண்டறிக்கை

இயேசுவில் அன்புள்ள பங்குத்தந்தை அவர்களே, தலைவர் அவர்களே, அன்பியங்களின் (பங்கில் உள்ள சிறு குடும்பக் குழுக்களின்) பொறுப்பாளர்களே, சபை உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். 2025 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான பணி அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நாம் வீடு தேடிப் போய் உதவும் ஏழைக் குடும்பங்களின் பெயரும் தெருவும் சபை ஒழுங்குப்படி வெளியே சொல்லப்படுவதில்லை. இந்த அறிக்கையிலும் அவை இல்லை.

திருச்சபை முழுவதும் யூபிலி கொண்டாடிய ஆண்டு இது. விவிலியத்தில் லேவியர் நூல் 25ஆம் அதிகாரத்தின் யூபிலியில், விற்றுப்போன நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்பும். கடனுக்கு அடிமைப்பட்டவர் வீடு திரும்புவார். திருத்தந்தை பிரான்சிஸ் எழுதத் தொடங்கி, திருத்தந்தை பதினான்காம் லியோ நிறைவு செய்து, அக்டோபர் 9 அன்று வெளியிட்ட ‘திலெக்சி தே’ ஊக்கவுரையை வாரக் கூட்டங்களில் பகுதி பகுதியாக வாசித்தோம். வறுமையை உண்டாக்கும் பாவக் கட்டமைப்புகளை அது நேராகக் கண்டிக்கிறது. ஏழைக்கு நல்ல வேலை தேடித் தருவதே பேருதவி என்கிறது. அதற்காகத் தருமம் செய்வதை விட்டுவிடாதீர்கள் என்றும் சொல்கிறது.

நம் கிளையின் பணிக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டது லேவியர் 19:9-10. வயலின் ஓரத்தை முற்றாக அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அவை ஏழைக்கும் அந்நியருக்கும் உரியவை என்கிறது அந்தச் சட்டம். நிலக்காரருக்கு மனம் இரங்கினாலும் இரங்காவிட்டாலும் அந்தக் கதிர் ஏழையுடையது. ஏழைக்குக் கொடுக்கும்போது அவனுடையதையே திருப்பிக் கொடுக்கிறாய் என்ற புனித அம்புரோசின் போதனையை 1967இல் திருத்தந்தை ஆறாம் பவுல் உலகத்துக்கு நினைவூட்டினார். அதனால்தான் இந்த ஆண்டு அரிசி பருப்பு கொடுப்பதைவிட, மக்களுக்குச் சட்டப்படி சேர வேண்டியது சேர்கிறதா என்று பார்ப்பதில் அதிக நேரம் செலவிட்டோம்.

முதியோர் உதவித்தொகை. மாதம் 1,200 ரூபாய். 60 வயது நிறைந்த, ஆதரவற்ற ஒருவருக்கு மருந்துக்கும் பாலுக்கும் இதுதான் ஆதாரம். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணைக்குப் பிறகு, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும். பல இடங்களில் தடுக்கிறது. ஆதாரில் பிறந்த ஆண்டு குத்துமதிப்பாகப் பதிவாகி, வயது 57 என்றோ 58 என்றோ நிற்கும். பிறந்த தேதியை ஒருமுறைதான் திருத்தலாம் என்பதால், சரியான ஆவணம் கையில் இல்லாமல் ஆதார் மையத்துக்குப் போகக்கூடாது. அடுத்தது குடும்ப அட்டை: தனிக்குடித்தனம் போய்விட்ட மகன் பெயர் அம்மாவின் அட்டையிலேயே இருந்தால் ‘ஆதரவு உண்டு’ என்று மனு தள்ளுபடியாகும். மகன் பெயரை முதலில் நீக்க வேண்டும். மூன்றாவது வங்கிக் கணக்கு. இரண்டு ஆண்டு கொடுக்கல் வாங்கல் இல்லாத கணக்கு செயலற்றதாகிவிடும். ஆணை கிடைத்தும் பணம் கைக்கு வருவதில் சிக்கல் வரலாம். ஆகவே விண்ணப்பத்துக்கு முன்பே அந்தக் கணக்கில் 100 ரூபாய் போட்டு, பாஸ்புக்கில் வரவு பதிந்து பார்ப்பது நம் வழக்கம். மனு எண் அச்சிட்ட ரசீதை வாங்காமல் மையத்தை விட்டு வெளியே வரக்கூடாது என்பதை இருவர் இருவராகப் போகும் எல்லா உறுப்பினர்களுக்கும் சொல்லியிருக்கிறோம். தள்ளுபடியானால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்; வாய்வழிப் பதிலை வைத்துக்கொண்டு மேல்மனு எழுத முடியாது.

ரேஷன் கடைக் கைரேகை தனிப் பிரச்சினை. ஆண்டுக்கணக்காகப் பீடி சுற்றியவர்களுக்கும், தோல் பதனிடும் கூடத்தில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தவர்களுக்கும் விரல் ரேகை தேய்ந்துவிடுகிறது. கருவி படிக்காவிட்டால் கண் விழி மூலம் பதியச் சொல்லிக் கேட்கலாம். நடக்க முடியாதவர் சார்பில் பொருள் வாங்க ஒருவரை நியமிக்கும் படிவமும் உண்டு. ஆகஸ்டு 12 முதல் தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள் வீட்டுக்கே வருகிறது. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கடையிலேயே கேட்டுப் பார்க்குமாறு அன்பியப் பொறுப்பாளர்களை வேண்டுகிறேன்.

சாதிச் சான்றிதழ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவரான தலித் மக்கள் பட்டியல் சாதியில் சேர்க்கப்படுவதில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர். ஒரே தெரு, ஒரே வேலை, ஒரே அவமானம். திருமுழுக்கு பெற்றதற்காக ஓர் உரிமை போய்விடுகிறது. இது அநீதி என்று திருச்சபை தொடர்ந்து சொல்லிவருகிறது, நாமும் சொல்கிறோம். ஆனாலும் கையில் இருப்பதை இழந்துவிடக்கூடாது. கிறிஸ்தவ ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகை உண்டு. சான்றிதழில் வெறும் ‘கிறிஸ்தவர்’ என்று எழுதப்பட்டிருந்தால் அது கிடைக்காது. ஆதிதிராவிடரிலிருந்து கிறிஸ்தவரானவர் என்று தெளிவாக இருக்க வேண்டும். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பிறகு இதைத் தேடினால் கல்லூரிச் சேர்க்கைக்குள் கிடைக்காது. பத்தாம் வகுப்பிலேயே பார்த்துவிடுங்கள்.

கடன். நாம் சந்திக்கும் வீடுகளில் பசியைவிட இதுவே பெரிய பாரம். ஷூ மேல்பகுதி தைப்பவர்களும் பீடி சுற்றுபவர்களும் எண்ணிக்கைக் கூலிக்கு உழைக்கிறார்கள்; வேலை குறைந்த வாரத்தில் தவணைக்கு இன்னொரு இடத்தில் வாங்குகிறார்கள். இந்தச் சுழலில் காசைப் போட்டால் அது வட்டிக்குத்தான் போகும். முதலில் ஒரு தாளில் எழுதச் சொல்கிறோம்: யாரிடம், எவ்வளவு வாங்கியது, எவ்வளவு கட்டியது, எந்தக் கிழமை தவணை, அடமானம் என்ன. ரேஷன் அட்டையோ வங்கி அட்டையோ கடன்காரர் கையில் இருந்தால் அதை மீட்பதுதான் முதல் வேலை. நுண்கடன் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதி உண்டு: எல்லாக் கடன்களின் மாதத் தவணையும் சேர்ந்து குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது, காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக்கூடாது. கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழக அரசும் 2025இல் தனிச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. இந்தச் செய்தியைப் பெண்களுக்குச் சொன்னாலே வாசலில் கத்துபவர்களிடம் நிமிர்ந்து பேசுகிறார்கள். சபைப் பணத்தில் உதவும்போது மிகச் சிறிய கடனை முழுதாக அடைத்து, ‘பாக்கி இல்லை’ என்று எழுதி வாங்குகிறோம். கூலியை நிறுத்தி வைப்பவர் பற்றி யாக்கோபு 5:4 சொல்வது நம் பங்கில் ஆள் வைத்து வேலை வாங்கும் எல்லாருக்கும் பொருந்தும். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் சம்பளமும் அதில் அடங்கும்.

மருத்துவம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. அவசரம் வந்த பிறகு வருமானச் சான்றுக்கு ஓடுகிறார்கள். நலமாக இருக்கும்போதே அட்டை எடுத்து வைக்க வேண்டும். மருத்துவமனையில் பணம் கட்டுவதற்கு முன்பே காப்பீட்டுப் பிரிவில் கேட்க வேண்டும்.

பிடியரிசி வழக்கம்போல் ஞாயிறுதோறும் சேர்ந்தது. பச்சரிசியும் புழுங்கலரிசியும் கலந்துவிட்டால் ஒன்று குழைய ஒன்று வேகாமல் நிற்கும். வாங்கியவர் கோழிக்குத்தான் போடுவார். ஆகவே ஆலய வாசலில் இரண்டு டிரம் வைக்கப்பட்டுள்ளது, தயவுசெய்து பார்த்துப் போடுங்கள். ரேஷன் அரிசி பெரும்பாலான வீடுகளில் இருப்பதால், மாதப் பையில் அரிசியை 5 கிலோவாகக் குறைத்து, துவரம்பருப்பு 2 கிலோ, கொண்டைக்கடலை 1 கிலோ, கடலை எண்ணெய் 1 லிட்டர், சோப்பு, பெண்களுக்கு நாப்கின் சேர்த்திருக்கிறோம். ஏழைக்குப் போவது நம் வீட்டில் சமைக்கும் தரத்தில் இருக்க வேண்டும்.

நவம்பர் 16, உலக வறியோர் நாள். விருந்தில் தனிப் பந்தி இல்லை. பங்குப் பேரவையினரும் விருந்தினரும் ஒரே வரிசையில் கலந்து அமர்ந்தார்கள். யாக்கோபு 2ஆம் அதிகாரம் வாசித்த பிறகு வேறு எப்படி அமர முடியும்? மேடையில் சேலை கொடுத்துப் புகைப்படம் எடுப்பது இந்தக் கிறிஸ்துமஸிலிருந்து நிறுத்தப்பட்டது. துணிகள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கப்பட்டன.

2026க்கு இரண்டு தீர்மானங்கள் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கப்படுகின்றன. ஒன்று, இரகசியப் பையில் (கூட்டத்தில் உறுப்பினர்கள் தொகை தெரியாமல் காணிக்கை போடும் பையில்) சேரும் பணத்தை ஆண்டு முடிவில் தேக்கி வைக்காமல், அவசரத்துக்கான ஒரு மாதச் செலவு போக மீதியைக் கடன் மீட்புக்கும் கல்விக்கும் பயன்படுத்துவது. இரண்டு, திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பங்கீட்டில் விடுபட்டதுபோல் நம் பட்டியலில் யார் விடுபடுகிறார்கள் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பது. செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய் வருபவர்களும், சிகிச்சைக்காக வெளிமாநிலத்திலிருந்து வந்து நம் ஊர் விடுதிகளில் தங்கியிருக்கும் ஏழைகளும் இப்போது எந்த அன்பியத்தின் கணக்கிலும் இல்லை.

ஆன்மீக ஆலோசகராக வழிநடத்திய பங்குத்தந்தைக்கும், மனு எழுதித் தந்த இளையோருக்கும், அலுவலகங்களில் பொறுமையாகப் பதில் சொன்ன பணியாளர்களுக்கும் சபையின் நன்றி. இவ்வறிக்கையை ஏற்று, தீர்மானங்களை நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலர்