கை கழுவிய நீர் சிவந்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'இந்தியன்' (1996) படம் குறித்த கட்டுரையில், லஞ்சம் தர மறுத்து மகளைப் பறிகொடுக்கும் சேனாபதியின் கோபம் நன்றாகவே விளக்கப்பட்டிருந்தது. ஆனால் பணத்தைக் கொடுத்துத் தொலைப்பதற்கும் கத்தியை எடுப்பதற்கும் நடுவே ஒரு வழி உண்டு. அதைப் படம்தான் சொல்லவில்லை, கட்டுரையாவது சொல்லியிருக்கலாம்.

பணம் கொடுக்கும் முன்பே லஞ்ச ஒழிப்புத் துறையில் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். யார், எந்த வேலைக்கு, எவ்வளவு, என்றைக்குக் கேட்டார் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். வழக்குப் பதிவானதும் வேறு துறை ஊழியர்கள் இருவரைச் சாட்சிகளாக வரவழைப்பார்கள். அவர்கள் முன்னிலையில் நோட்டுகளின் வரிசை எண்களைக் குறித்துக்கொண்டு பினாப்தலின் பொடி தடவுவார்கள். வெள்ளைப் பொடி என்பதால் நோட்டில் கண்ணுக்குத் தெரியாது. அதைத் தொட்ட விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் நிறமற்ற கரைசல் இளஞ்சிவப்பாக மாறும். பணம் கைமாறியதும் புகார்தாரர் சைகை காட்ட, வெளியே காத்திருக்கும் அதிகாரிகள் நுழைவார்கள். வலது கை கழுவிய நீர் ஒரு பாட்டிலில், இடது கை கழுவிய நீர் வேறு பாட்டிலில் என்று சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். பணம் சட்டைப் பையில் இருந்தால் அந்தத் துணிக்கும் இதே சோதனைதான்.

சினிமா என்றால் இத்துடன் விலங்கு மாட்டி முடித்துவிடுவார்கள். வழக்கு தோற்பதோ பெரும்பாலும் இதற்குப் பிறகுதான். பணம் சிக்கியது மட்டும் குற்றத்தை நிரூபிக்காது; வாங்கியவர் தானே லஞ்சம் கேட்டார் என்பதும் நிரூபணமாக வேண்டும். "பழைய கடனைத் திருப்பித் தந்தார்", "மேசையில் திணித்துவிட்டுப் போனார்" என்பவை வழக்கமான எதிர்வாதங்கள். அதனால் போனவுடன் பணத்தை நீட்டக் கூடாது. அவரே வாய் திறந்து கேட்க வேண்டும், அது உடன் வந்த சாட்சியின் காதில் விழ வேண்டும். சாட்சி வராந்தாவிலேயே நின்றுவிட்டால் வழக்கு பாதி போய்விடும். புகார்தாரரே பிறழ்சாட்சியானாலும் (நீதிமன்றத்தில் தன் வாக்குமூலத்தை மாற்றிச் சொன்னாலும்), சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டு கேட்டதை நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பரில் நீரஜ் தத்தா வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னது பெரிய ஆறுதல்.

படம் வந்தபோது லஞ்சம் வாங்கியவருக்குக் குறைந்தபட்சத் தண்டனை ஆறு மாதம்தான். 2014 முதல் அது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பின் கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம். பத்தாம் நாள் கிளம்பினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. லஞ்ச ஒழிப்புத் துறைக்கு முன்பே தெரிவித்துவிட்டு, மேலே சொன்னபடி பொறி வைத்துப் பிடிக்கக் கொடுப்பவருக்கு இந்தப் பயமே வேண்டாம்.

சேனாபதியின் மகன் வாங்குவது வேறு ரகம். பிரேக் பழுதான பேருந்துக்குச் சான்றிதழ் கொடுக்கிறான், பள்ளிக் குழந்தைகள் சாகிறார்கள். அங்கே கொடுப்பவருக்கும் லாபம் என்பதால் யாரும் புகார் தர மாட்டார்கள், பொறியும் உதவாது. திடீர் சோதனை, கணக்கில் வராத பணம், சான்றிதழ்க் கோப்புகள் என்று வேறு திசையில்தான் போக வேண்டும்.

அடுத்த முறை இத்தகைய படத்தைப் பற்றி எழுதும்போது, மாவட்ட லஞ்ச ஒழிப்பு அலுவலகங்களின் முகவரிகளையும் பெட்டிச் செய்தியாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர், மதுரை