கண்ணாடியின் உட்புறத்தைத் துடைக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஊட்டி, வால்பாறைப் பக்கம் பழைய பங்களாக்களைக் காலி செய்யும்போது, கண்ணாடியில் கறுப்பு மையால் பக்கவாட்டு முகம் தீட்டிய சிறு படங்கள் எப்போதாவது கோவை, பொள்ளாச்சி பழைய சாமான் கடைகளுக்கு வருகின்றன. வாங்குபவர் நேரே பிரேம் கடைக்குப் போகிறார். அங்கே பிரித்து, கண்ணாடியை இருபுறமும் ஈரத்துணியால் துடைத்துவிடுகிறார்கள். படம் இருப்பதே உட்புறத்தில்தான். ஒரே பூச்சு மை. ஒரு துடைப்பில் மூக்கும் நெற்றியும் போய்விடும்.

இப்படி முகம் தீட்டுவதில் பேர்போனவர், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் ஃப்ளீட் தெரு 27ஆம் எண்ணில் தொழில் நடத்திய ஓவியர் இசபெல்லா பீத்தம். குவிந்த கண்ணாடியின் குழிந்த உள்பக்கத்தில் இப்படி வரைந்தால், வெளிச்சம் படும்போது முகத்தின் நிழல் பின்னாலுள்ள வெள்ளைப் பரப்பில் விழும். அவர் காலத்து இன்னொரு ஓவியர் ஜான் மையர்ஸ் பெரும்பாலும் சுண்ணச்சாந்துத் தகட்டில் தீட்டினார். அதன்மேல் இருப்பது வெறும் மூடுகண்ணாடி. ஆகவே பிரிக்கும் முன்பே பக்கவாட்டில் டார்ச் அடித்து, மை எதில் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். நகைக்கடை லென்ஸில் கீறல் கோடுகளும் தூரிகைத் தடமும் தெரிந்தால் கைவேலை. விளிம்பெல்லாம் ஒரே சீராக, அடியில் காலண்டரோ வெப்பமானியோ இருந்தால், அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டில் விளம்பரத்துக்காக அச்சடித்தது.

மை உதிர்வதற்குக் காரணம் உண்டு. கண்ணாடி எதையும் உறிஞ்சாது, மைக்குப் பிடிப்பே குறைவு. சில பழைய கண்ணாடிகளில் அதிலுள்ள காரப்பொருள் (alkali) கசிந்து பிசுபிசுக்கும். அந்த ஈரம் மையைத் தூக்கிவிடும். பின்புறம் மெழுகு ஊற்றிய படங்கள் நம் சித்திரை வெயிலில் இளகி, குளிரில் விரிசல் விடும்.

பிரித்தே ஆகவேண்டுமென்றால் முதலில் போட்டோ எடுங்கள். படத்தைத் துண்டின்மேல் குப்புறப் போட்டு, துருப்பிடித்த ஆணிகளைப் பிளேயரால் மெல்ல இழுங்கள். சுத்தியல் தொடவே கூடாது. மை உதிர்ந்திருந்தால் மைப்பக்கம் மேலே இருக்கும்படி கிடத்தி வையுங்கள். வெளிப்புறத்தை மட்டும் பிழிந்த பஞ்சால், விளிம்புக்கு அரை செ.மீ. முன்பே நிறுத்தித் துடைக்கலாம். கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே வேண்டாம், விளிம்பு வழியே உள்ளே இறங்கும். தட்டைக் கண்ணாடியானால் மைக்கும் பின்னட்டைக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி விடுங்கள். பிளைவுட், பழைய காலண்டர் அட்டை இரண்டும் ஆகாது. பின்னால் ஒட்டிய பழைய தாள்தான் வரைந்தவரின் விலாசச் சீட்டாக இருக்கும். அதைக் கிழித்தெறிவது எங்களுக்குப் பெரிய வேதனை.

பூஜை அறையிலுள்ள தஞ்சாவூர்க் கண்ணாடிப் படங்களுக்கும் இதே விதிதான். அவற்றையும் கண்ணாடியின் உட்புறத்தில்தான் தீட்டுவார்கள்: நகை, கண், விளிம்புக்கோடு முதலில், பின்னணி கடைசியில். ஆயுத பூஜைக்குச் சுத்தம் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டும்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பாதுகாப்பு வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அங்கிருந்து வல்லுநர் ஒருவர் ஆண்டுக்கொரு முறையாவது கோவை அரசு அருங்காட்சியகத்துக்கு வந்து, பிரேம் கடைக்காரர்களுக்கு ஒருநாள் பயிற்சி தர அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
பழைய படங்களைச் சீர்செய்வோர், பொள்ளாச்சி