கை பேசும் வீட்டில் பிறந்த மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ பார்க்கச் சொன்ன, எங்களைப் போல் காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த, காது கேட்கும் ஒரு பெண்ணின் கதையான 'கோடா' என்ற அமெரிக்கப் படத்தை ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் பார்த்துவிட்டோம். திரையின் அடியில் வரும் ஆங்கில வரிகளை நிறுத்தி நிறுத்திப் படித்ததால் முடிக்க மூன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. வீடியோ அழைப்பில் இதைச் சொல்ல வந்தேன், கை ஓடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அவர்களுடைய அமெரிக்கச் சைகை மொழி நமக்கு அவ்வளவாகப் பிடிபடவில்லை. ஆங்கில எழுத்துகளை அவர்கள் ஒரு கையாலேயே காட்டிவிடுகிறார்கள். நமக்கு இரண்டு கையும் வேண்டும். ஆனாலும் பத்தாவது நிமிடத்திலேயே அப்பா என் தோளைத் தட்டி, "இவர் நம்மவர்" என்றார். தந்தையாக வரும் ட்ராய் கோட்சரின் புருவத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தார். நம் மொழியில் பாதி இலக்கணம் முகத்தில் அல்லவா இருக்கிறது? 'மொழி' படத்தில் காது கேளாத பெண்ணாக நடித்த ஜோதிகாவை நானும் ரசித்தவள்தான். ஆனால் பிறந்தது முதல் கையால் பேசியவர் கோபப்படும்போதும் கேலி செய்யும்போதும் அந்தக் கை தனி வேகம் எடுக்கும். அதை இத்தனை வயதுக்குப் பிறகு ஒரு குடும்பப் படத்தில் பார்த்தேன்.

இதன் மூலமான 2014-ஆம் ஆண்டு பிரெஞ்சுப் படத்தில் பெற்றோராக நடித்த இருவருக்கும் காது கேட்குமாம். இங்கேயும் தந்தை வேடத்துக்கு அப்படி ஒரு நட்சத்திரத்தைப் போடலாம் என்று பேச்சு வந்தபோது, தாயாக நடித்த மார்லி மேட்லின், அப்படியானால் நானும் விலகுகிறேன் என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரைக் கும்பிட வேண்டும். 2022-இல் கோட்சருக்கு ஆஸ்கர் கொடுத்தபோது, தென்கொரிய நடிகை யூன் யோ-ஜங் அவர் பேசி முடிக்கும்வரை அந்தச் சிலையைத் தன் கையில் வாங்கி வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். இரண்டு கையும் காலியாக இருந்தால்தானே அவர் பேச முடியும்! அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

பாட்டுக் கச்சேரியில் ஒலி முழுவதும் நின்றுவிடும் என்று எழுதியிருந்தாய். எங்களுக்கு அது எப்படித் தெரியும்? அந்தப் பெற்றோர் மகளை விட்டுவிட்டு அக்கம்பக்கத்தாரின் முகங்களைப் பார்த்தது தெரிந்தது. உன் பள்ளி ஆண்டு விழாவில் நானும் அதைத்தான் செய்தேன். முன் வரிசையில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்தார். நீ நன்றாகப் பாடினாய் என்று அப்படித்தான் அறிந்தேன்.

நீ பிறந்தபோது நீயும் காது கேளாத பிள்ளையாக இருக்க வேண்டிக்கொண்டேன் என்று அந்தத் தாய் மகளிடம் சொல்கிறாள் அல்லவா, அங்கே அப்பா படத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். தொட்டிலருகே பாட்டி தட்டைத் தட்டியதும் நீ திடுக்கிட்டாய். வீடே சிரித்தது. எனக்கு மட்டும் நெஞ்சு கனத்தது. இந்தப் பிள்ளை காது கேட்பவர்கள் பக்கம் போய்விடும் என்று நினைத்தேன். இத்தனை நாள் உன்னிடம் சொல்லாததை அவள் சொல்லிவிட்டாள்.

நீ எந்தப் பக்கமும் போகவில்லை. நடுவில் நின்றாய். பதினோரு வயதில் என்னோடு மருத்துவமனைக்கு வந்தாய். கர்ப்பப்பையில் கட்டி என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, உன்னைப் பார்த்துச் சொன்னார். அதற்குச் சைகை உனக்குத் தெரியாது. முஷ்டியை மடக்கி உன் அடிவயிற்றில் வைத்துக் காட்டினாய். அந்தச் சின்ன முஷ்டி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. படத்தில் மகள் ரூபி தன் பெற்றோருக்காக டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் காட்சி சிரிக்க வைப்பதற்காக எடுத்ததுதான். என்னால் சிரிக்க முடியவில்லை.

அடுத்த மாதம் எனக்கு மறுபடி பரிசோதனை இருக்கிறது. சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் பேசி ஏற்பாடு செய்துவிட்டேன். நீ ஊருக்கு வந்திருந்தால் அப்பாவோடு வெளியே உட்கார்ந்து காபி குடி.

அம்மா