அடோபோவுக்கு ஒரே செய்முறையா?

ஆசிரியருக்கு,

பிலிப்பைன்ஸின் மணிலா, செபு உணவகங்கள், சிறந்த உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்கும் மிச்சலின் வழிகாட்டியில் இடம்பிடித்தது பற்றித் தங்கள் நாளிதழில் படித்தேன். சந்தோஷம்தான். ஆனால் பிலிப்பினோ சமையலை வெளிநாடுகளில் பரப்ப நட்சத்திர உணவகங்கள்தான் வழி என்ற தொனி எனக்குச் சரியாகப் படவில்லை. 2021இல் அந்நாட்டு வர்த்தக, தொழில் துறை, புளிப்பான இறைச்சிப் பதார்த்தமான அடோபோவுக்குத் தரநிலை வகுக்கப் போவதாகச் சொன்னதும் மக்கள் பொங்கி எழுந்தார்கள். இது வெளிநாட்டில் அறிமுகப்படுத்தத்தான், வீட்டுச் சமையலுக்குக் கட்டாயமில்லை என்று அதிகாரிகள் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. கோபத்தில் நியாயம் இருக்கிறது. இங்கே சிங்கப்பூரில் என்னோடு வேலை பார்க்கும் பத்தங்காஸ் ஊர்க்காரர் சோயா சாஸ் ஊற்றாமல் மஞ்சள் போட்டு அடோபோ செய்கிறார், பிகோலிலிருந்து வந்த இன்னொருவருக்குத் தேங்காய்ப்பால் இல்லாவிட்டால் அது அடோபோவே இல்லை, இருவருக்கும் பொதுவாக இருப்பது வினிகரும் பூண்டும்தான். (மீன் குழம்பு விஷயத்தில் நாம் மட்டும் ஒத்துப்போகிறோமா என்ன!)

உண்மையில் இந்த உணவை உலகுக்குக் கொண்டுபோனவர்கள் பிழைக்கப் போன செவிலியர்கள், கப்பல் பணியாளர்கள், வீட்டுப் பணிப்பெண்கள். ஞாயிற்றுக்கிழமை ஆர்ச்சர்ட் சாலை லக்கி பிளாசாவுக்குப் போனால் தெரியும்: விரலால் சுட்டிக்காட்டி வாங்கும் சின்னக் கடைகளில் புளி சேர்த்த சூப்பான சினிகாங்குக்கும் வேர்க்கடலைக் குழம்பான காரே காரேக்கும் வரிசை நிற்கிறது. அங்கே பெரும்பாலும் பிலிப்பினோக்கள்தான் சாப்பிடுகிறார்கள், மற்றவர்களுக்கு எதைக் கேட்பது என்றே தெரிவதில்லை. 2018 முதல் பிலிப்பைன்ஸ் ஏப்ரலை உணவு மாதமாகக் கொண்டாடுகிறது. அந்த மாதத்தில் அந்நாட்டுத் தூதரகங்கள் ஓட்டல் விருந்துகளோடு நிற்காமல், இத்தகைய கடைகளில் ஒவ்வொரு பதார்த்தமும் எந்த வட்டாரத்தைச் சேர்ந்தது, என்ன சேர்த்தது என்று எழுதிய பலகை வைக்கவாவது உதவலாம்.

ஒரு வாசகர்,
சிங்கப்பூர்